கேரவனுக்கு மின்பிரேக் கன்ட்ரோலர்: நாலு வருஷ அனுபவம்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்குக் கேரவன் (காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற வீட்டு வண்டி) இழுத்துப் போனவர்களுக்கு அந்தக் கடைசி இறக்கம் மறக்காது. கிராஃபர்ஸைத் தாண்டியதும் சவுத் ஈஸ்டர்ன் ஃப்ரீவே ஹெய்சன் சுரங்கத்துக்குள் புகுந்து, கிளென் ஆஸ்மண்ட் அடிவாரம் வரை சரிந்துகொண்டே போகும். பிரேக் போன லாரிகள் ஓடி நிற்பதற்கென்றே ஓரத்தில் சரளைக்கல் கொட்டிய பாதை போட்டிருக்கிறார்கள். அந்த இறக்கத்தில்தான் என் மனைவி, "என்னங்க, பின்னாடியிருந்து யாரோ தள்ளுற மாதிரி இருக்கு" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாம் பிரேக் மிதிக்கும்போது கேரவன் பிரேக்குக்கும் மின்சாரம் அனுப்புகிற கன்ட்ரோலரை மாட்டி அப்போது மூன்றே வாரம்.

வண்டி 2018 டொயோட்டா பிராடோ டீசல். கேரவன் இரட்டை அச்சு, முழுச் சுமையோடு 2500 கிலோ. ஆஸ்திரேலிய விதிப்படி, பின்னால் இழுபட்டு வருவதன் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினாலே அதற்கும் பிரேக் வேண்டும். 2000 கிலோவுக்கு மேல் போனால் எல்லாச் சக்கரத்துக்கும் வேண்டும். கொக்கி கழன்று கேரவன் தனியே பிரிந்துவிட்டால் தானாகவே பிரேக் பிடித்து, 15 நிமிஷமாவது விடாமல் நிற்கவும் வேண்டும்.

நான் வாங்கியது ரெட்ஆர்க் டோ-ப்ரோ எலீட், அடிலெய்டிலேயே தயாராவது. பெட்டி டேஷ்போர்டுக்குள் மறைந்துவிடும். கைக்கெட்டும் இடத்தில் ஒரு திருகு குமிழ் மட்டும் இருக்கும், முழங்கால் இடிக்காது. கறுப்பு வயர் பேட்டரியிலிருந்து சர்க்யூட் பிரேக்கர் வழியாக வரும், வெள்ளை எர்த், சிவப்பு பிரேக் விளக்கு ஸ்விட்சுக்கு, நீலம் பின்னால் கேரவன் பிளக்கின் 5-ஆம் பின்னுக்கு. நாலே வயர்தானே என்று பொருத்துகிற இடத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

அந்த இறக்கத்துக்குப் பிறகு, ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கிற நண்பன் ஒருவன் மீட்டரோடு வந்தான். என்னைக் குமிழை முழு அளவான 10-இல் வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு, கேரவன் சக்கரத்தருகே நீல வயரில் அளந்தான். 9.4 வோல்ட். எஞ்சின் ஓடுகையில் பேட்டரியில் 13.8. "அண்ணே, பெட்டியில குறையே இல்ல. வயர்லதான் எல்லாம் போகுது" என்றான்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், கேரவன் சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குள் இருப்பது மின்காந்தம். மின்சாரம் வந்ததும் அது சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டி இழுபடும். அந்த இழுப்பில் நெம்புகோல் அசைந்து பிரேக் ஷூவை விரித்து டிரம்மில் அழுத்தும். காந்தம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 ஆம்பியர், நாலுக்கு 12. மெல்லிய வயரிலும் தளர்ந்த இணைப்பிலும் வோல்ட் கரைந்தால் ஒட்டுகிற பலமும் அதோடு போய்விடும். டேஷ்போர்டுக்குக் கீழே பார்த்தபோது எர்த் வயர் பெயின்ட் அடித்த தகட்டின்மேல் ஸ்க்ரூ போட்டு நின்றது. பெயின்ட்டைச் சுரண்டக்கூட இல்லை. நீல வயரில் அழுத்துக் கிளிப் ஒன்று; விரலால் ஆட்டினாலே உள்ளே அசைந்தது. குடும்பத்தை ஏற்றிப் போகிற வண்டியில் இப்படிச் செய்திருந்தது இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினோம். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: கடையில் '6 மி.மீ. ஆட்டோ கேபிள்' என்று விற்பதில் 6 என்பது மேல் உறையோடு சேர்த்த விட்டம். உள்ளே செம்பு 4.6 சதுர மி.மீ. அளவுதான். 4 மி.மீ. என்று எழுதியதை வாங்கினால் இன்னும் மெலிவு, பாதிகூடத் தேறாது. வயர் முனைகளை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் போட்டு, சூட்டில் சுருங்கும் குழாய் மாட்டி, எர்த்தை நேரே பேட்டரிக்குக் கொண்டுபோனோம். திரும்ப அளந்தால் 12.7.

அதற்கப்புறம் 22,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தார்ச்சாலையில் தானியங்கி முறை போதும், நாம் பிடிக்கிற வேகத்தைப் பார்த்து அதுவே கூட்டிக் குறைக்கும். சரளைச் சாலையில் நானே அளவு வைக்கும் முறைக்கு மாற்றிக் குமிழை 3-க்கு இறக்கிவிடுவேன், இல்லாவிட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும். பல்லாரட் பக்கம் பக்கக் காற்றில் கேரவன் வால் ஆட ஆரம்பித்தபோது, பெடலைத் தொடாமல் குமிழை மட்டும் அழுத்தினேன். கேரவன் மட்டும் பிடித்து, இரண்டு நொடியில் நேராகிவிட்டது. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

பயணத்துக்கு முன்னால் தெருவுக்குள்ளேயே மெல்ல உருட்டிக் குமிழை அழுத்திப் பார்ப்பேன். கேரவன் பின்னால் இழுப்பது தெரிய வேண்டும். பிரிந்தால் பிடிக்கும் பிரேக்கின் ஊசியை இழுத்துச் சோதிக்கும்போது முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த மின்சாரம் கன்ட்ரோலருக்குள் திரும்பிப் பாயலாம். கடற்கரைப் பக்கம் போய்வந்தால் பிளக் பின்களில் பச்சை பூக்கும், தேய்த்துத் துடைப்பேன்.

போன மாதம் டிரம்மைத் திறந்தபோது முன் அச்சில் ஒரு காந்தம் தேய்ந்து, உள்ளே செம்புச்சுருள் தெரிய ஆரம்பித்திருந்தது. கொஞ்ச நாளாகக் குமிழை 6 வரை திருக வேண்டியிருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. அச்சின் இரண்டு காந்தத்தையும் மாற்றி, ஷூவைச் சரிசெய்து ஓட்டினேன். இப்போது 5-லேயே பிடிக்கிறது.