பூனை சுவரில் பீய்ச்சினால்: அறுவையா, ஃபெரோமோனா, மாத்திரையா?

வாலை நிமிர்த்தி, அதன் நுனி நடுங்க, சுவருக்கு முதுகு காட்டி நின்றபடியே கொஞ்சமாகச் சிறுநீரைப் பீய்ச்சினால், உங்கள் பூனை தன் எல்லையைக் குறிக்கிறது. மெத்தையிலோ தரையிலோ குந்தி உட்கார்ந்து நிறையப் பெய்துவிட்டுப் போனால் அது வேறு பிரச்சினை. மணல் தட்டு பிடிக்காமல் இருக்கலாம்; சிறுநீர்ப்பையில் அழற்சியும் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எதை வாங்கினாலும் பணம்தான் வீண். ஆண் பூனை தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சொட்டுக்கூட வரவில்லையென்றால், படிப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். சிறுநீர் அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும்.

நின்று பீய்ச்சும் பூனைக்கு முதலில் செய்ய வேண்டியது கருத்தடை அறுவை சிகிச்சை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அறுவை செய்த கடுவன்களில் ஏறத்தாழ 90 சதவீதம் இந்தப் பழக்கத்தை விட்டுவிடுகின்றன அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்கின்றன. கடையில் விற்கும் எந்தப் பொருளும் இதற்கு அருகில்கூட வராது. நாற்றமும் தணியும். கடுவனின் சிறுநீருக்கு அந்த மூக்கைத் துளைக்கும் வாடையைத் தருவது ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம். ஆண் ஹார்மோன் குறைந்தால் அதுவும் குறைகிறது. பலன் மறுநாளே தெரியாது. உடலில் மிச்சமிருக்கும் ஹார்மோன் வடியச் சில வாரங்கள் ஆகும். ஐந்து மாத வாக்கில், பீய்ச்சத் தொடங்கும் முன்பே செய்துவிடுவது இன்னும் நல்லது. பெட்டைகளும் பீய்ச்சும் என்பதால் அவற்றுக்கும் இது பொருந்தும்.

“பாவம், அதன் இயல்பைக் கெடுக்கலாமா?” என்று தயங்குகிறவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் அறுவை செய்யாத கடுவன் வெளியே அலைகிறது, சண்டையிட்டுக் கடிபடுகிறது, சீழ்க்கட்டியோடு திரும்புகிறது. பூனைகளின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் எஃப்.ஐ.வி. வைரஸும் முக்கியமாகக் கடியின் வழியாகவே பரவுகிறது. பாவம் எது என்பதை இதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

அறுவைக்குப் பிறகும் பத்தில் ஒரு கடுவன் பீய்ச்சுகிறது. எந்த வழி என்ற உண்மையான போட்டி இங்கேதான் தொடங்குகிறது. ஃபெரோமோன் என்ற, பூனைகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் மணப்பொருளையும் மாத்திரையையும் ஒப்பிடும் முன், கறை எங்கே விழுகிறது என்று பாருங்கள். வாசற்கதவு, ஜன்னலடி, பால்கனி ஓரம் என்றால் காரணம் பெரும்பாலும் வெளியே திரியும் தெருப்பூனை. ஜன்னலின் கீழ்ப்பாதியில் மங்கலான தாள் ஒட்டி அதைப் பார்வையிலிருந்து மறைப்பதற்குச் செலவு மிகக் குறைவு. தெருப்பூனைக்கு வாசலில் சோறு வைப்பவர் என்றால் இடத்தைச் சற்றுத் தள்ளி மாற்றுங்கள். முடிந்தால் அதற்கும் கருத்தடை செய்வியுங்கள். சோற்றை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் வீடுகளில் கழுவும் முறையே பாதித் தொல்லை. ஃபினாயிலும் டெட்டாலும் பூனைக்கு நஞ்சு. அவற்றிலுள்ள பீனால் வகைப் பொருள்களைச் சிதைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. கால் பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே போதும். மூலையில் அந்துருண்டை போடுவதும் அதே அளவு ஆபத்து. பிளீச்சிங் பவுடர் சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் நம் நுரையீரலை எரிக்கும் வாயு எழும். அம்மோனியா கலந்த திரவங்களின் வாடை சிறுநீரை நினைவூட்டுவதால் அவையும் வேண்டாம். என்சைம் கலந்த துப்புரவுத் திரவத்தை ஊற்றி ஊறவிட்டுத் துடைப்பதே சரி.

ஃபெரோமோன் கருவி பரப்புவது, பூனை கன்னத்தை உரசும்போது விட்டுச்செல்லும் வேதிப்பொருளின் செயற்கை நகல். கன்னத்தை உரசிய இடத்தில் பூனை பொதுவாகப் பீய்ச்சுவதில்லை என்பதே இதன் அடிப்படை. ஃபெலிவே இதில் பரவலாக அறியப்பட்ட பெயர். மின்செருகியில் மாட்டும் ஒரு கருவி 50 முதல் 70 சதுர மீட்டர் வரை எட்டும். ஒரு புட்டி ஏறத்தாழ ஒரு மாதம் வரும். பக்கவிளைவு இல்லை. ஆனால் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஜன்னல்கள் திறந்திருக்க, மின்விசிறி நாள் முழுக்கச் சுழலும் வீட்டில் அந்த மணம் எவ்வளவு தங்கும் என்பது எனக்கு நியாயமான கேள்வியாகப் படுகிறது. வீடு மாறியபோதும் குழந்தை பிறந்தபோதும் எழும் பதற்றத்துக்கு முயன்று பார்க்கலாம். அறுவை செய்யாத கடுவனுக்கு வாங்குவது வீண்செலவு.

பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரைகளில் ஃபுளுவாக்செட்டின் வலுவானது. குளோமிப்ரமின் ஏறத்தாழ அதற்கு இணையானது. பீய்ச்சுவதைக் குறைப்பதில் ஃபெரோமோனைவிட இவற்றுக்கே உறுதியான சான்று உண்டு. விலையும் பெரிதல்ல. குறை என்னவென்றால் பலன் தெரிய நான்கு வாரம்கூட ஆகலாம், பசி குறையலாம், திடீரென்று நிறுத்தினால் பழக்கம் திரும்பிவிடுவது வழக்கம். ஃபுளுவாக்செட்டினின் அளவு, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு அரை முதல் ஒரு மில்லிகிராம். நான்கு கிலோ பூனைக்கு இரண்டு முதல் நான்கு மில்லிகிராம்தான். மனிதர்களுக்கான 20 மில்லிகிராம் மாத்திரை அதைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு. எனவே மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் தொடவே கூடாது. ஒரு காலத்தில் தரப்பட்ட டயாஸபாம் என்ற அமைதியூட்டும் மருந்தை நான் ஏற்கமாட்டேன். வாய்வழி கொடுத்ததில் சில பூனைகள் கல்லீரல் செயலிழந்து இறந்திருக்கின்றன.

ஜன்னலை மறைத்து, கறையைச் சரியாகக் கழுவிய பிறகும் பீய்ச்சும் பூனைக்கு, நான் கருவியில் மாதக்கணக்கில் பணம் போடாமல் மருத்துவரின் மாத்திரையையே தேர்ந்தெடுப்பேன்.

பல பூனைகள் உள்ள வீட்டில் மட்டும் அவசரம் கூடாது. அங்கே கறை பெரும்பாலும் ஹாலிலும் பூனைகள் ஒன்றையொன்று கடக்கும் வழிகளிலும் விழும், உள்பகைதான் காரணம். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக மணல் தட்டுகளை வெவ்வேறு அறைகளில் வையுங்கள். சாப்பாட்டுக் கிண்ணங்களையும் பிரித்து வையுங்கள். பீய்ச்சுவது எது என்று தெரியாவிட்டால் மருத்துவரிடம் ஃபுளோரசின் சாயம் பற்றிக் கேளுங்கள். ஒரு பூனைக்கு மட்டும் அதைக் கொடுத்தால் அதன் சிறுநீர் புறஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும். மாத்திரை யாருக்கு என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.