எர்டிகா டீசலுக்கு பவர் ஏத்த பாக்ஸா, ரீமேப்பா, ஃபில்டரா? போட்டு ஓட்டிப் பார்த்து எழுதுறேன்

ஆழியார் தாண்டி வால்பாறை ஏறுற ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவு இருக்குல்ல, எங்க 2013 எர்டிகா டீசல்ல ஆறு பேரு ஏறி உக்காந்து அந்த மலை ஏறினா தான் அந்த வண்டியோட குறை தெரியும். வளைவுக்குள்ள நுழையறப்ப செகண்ட் கியர்ல 1300 ஆர்பிஎம் இருக்கும், ஆக்சிலேட்டரை அமுக்குனா ஒண்ணும் நடக்காது, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணலாம், முள்ளு 1800-ஐ தொட்டதும் திடீர்னு இழுக்கும், அதுக்குள்ள அடுத்த வளைவு வந்துரும், மறுபடி பிரேக், மறுபடி அதே கதை. ஹைவேல இந்த வண்டி தங்கம், ஆனா மலையில உயிரை வாங்கும். அதனால தான் இந்த பவர் ஏத்துற வேலையில எறங்குனேன், ஆறு வருஷத்துல டியூனிங் பாக்ஸ், ரீமேப், கோன் ஃபில்டர்னு மூணையும் போட்டு ஓட்டியாச்சு, எது எதுக்கு ஆகும்னு இப்ப தெளிவா சொல்ல முடியும்.

முதல்ல ஒரு விஷயம், இது புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும். இன்ஜின்ல பவர்ங்கறது காத்து. டீசலோ பெட்ரோலோ எவ்வளவு வேணா பீச்சலாம், அதை எரிக்க காத்து வேணும்ல. எங்க வண்டி 1248 சிசி, 4000 ஆர்பிஎம்ல ஓடுறப்ப டர்போ இல்லாம இருந்தா நிமிஷத்துக்கு 2500 லிட்டர் காத்து தான் உள்ள போகும், அதுக்கு மேல திணிக்கறதுக்கு தான் டர்போ, எக்ஸாஸ்ட் புகையோட வேகத்துல சுத்தி காத்தை உள்ள அமுக்கற காத்தாடி. இதுக்கு கம்பெனியே ஒரு உதாரணம் காட்டியிருக்கு. இதே ஃபியட் 1.3 மல்டிஜெட் இன்ஜின் அப்போ வந்த ஸ்விஃப்ட்ல 75 பிஎஸ் (பவர், குதிரைத்திறன் கணக்கு), 190 நியூட்டன் மீட்டர் (டார்க், அதாவது இழுக்கற பலம்), எர்டிகாவுல 90 பிஎஸ், 200 நியூட்டன் மீட்டர். சிசி அதே தான், பெரிய வித்தியாசம் டர்போ. ஸ்விஃப்ட்ல இருக்கறது ஃபிக்சட் டர்போ, எர்டிகாவுல இருக்கறது விஜிடி, அதாவது உள்ள இருக்கற சின்ன சின்ன வேன்கள் (தகடுகள்) தெறந்து மூடி எக்ஸாஸ்ட் புகையோட வேகத்தை மாத்தும். ஆக யாரு வந்து எந்த பார்ட்டை வித்தாலும் நான் கேக்கற கேள்வி ஒண்ணு தான், இது காத்தை அதிகமாக்குதா இல்லையா?

மொதல்ல போட்டது டியூனிங் பாக்ஸ். தீப்பெட்டி ரெண்டை ஒட்டி வெச்ச சைஸ், காமன் ரெயில்ல (டீசலை பிரஷர்ல தேக்கி இன்ஜெக்டருக்கு குடுக்கற குழாய்) இருக்கற பிரஷர் சென்சர் சாக்கெட்டை கழட்டி நடுவுல மாட்டணும், பத்து நிமிஷ வேலை. அது பண்றது என்னன்னா சென்சர் சொல்ற பிரஷரை கொறைச்சு இசியூகிட்ட (இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டர்) சொல்லும், இசியூ ஐயோ பிரஷர் கம்மியா இருக்கேன்னு நெனச்சு பம்ப்பை ஏத்தி விடும், இன்ஜெக்டர் அதே நேரம் தான் தெறந்திருக்கும் ஆனா பிரஷர் ஜாஸ்தியா இருக்கறதால டீசல் ஜாஸ்தியா போகும். சரி, காத்து? காத்து அதே தான். ஏன்னா இசியூவைப் பொறுத்தவரைக்கும் அது பழைய அளவு டீசல் தான் குடுத்துட்டு இருக்கு, அதனால பூஸ்ட்டும் (டர்போ காத்தை அமுக்கற பிரஷர்) பழைய பூஸ்ட்டு தான்.

ரோட்டுல இது எப்படி தெரிஞ்சதுன்னா, 2000-க்கு மேல நல்லாவே இழுத்துச்சு, பொய் சொல்ல மாட்டேன், பொள்ளாச்சி ரோட்டுல ஓவர்டேக் பண்றப்ப சந்தோஷமா இருந்துச்சு. ஆனா எனக்கு எங்க வேணுமோ அங்க, அந்த 1300-ல, ஒரு மாத்தமும் இல்ல, அதுக்கு பதிலா பின்னாடி கரும்புகை. பின்னாடி பைக்ல வந்த ஒரு அண்ணன் மூக்கைப் பொத்திக்கிட்டதை கண்ணாடியில பார்த்தேன், அன்னிக்கே மனசு விட்டுப் போச்சு. காத்து இல்லாத எடத்துல டீசலை ஊத்துனா புகையா தான் வரும். அதை விட பெரிய பயம், இசியூவுக்கு நெசமான பிரஷர் தெரியவே தெரியாது, அதனால எல்லை தாண்டுனாலும் அதால இன்ஜினைக் காப்பாத்த முடியாது, எக்ஸாஸ்ட் சூடும் ஏறும். புதுசா வர்ற சில பாக்ஸ் பூஸ்ட் சென்சரையும் சேத்து பிடிக்குது, அது கொஞ்சம் தேவலாம், இருந்தாலும் அடிப்படையில இசியூவை ஏமாத்துற வேலை தான். பாக்ஸுக்கு ஒரே நல்ல விஷயம், சர்வீசுக்கு விடறதுக்கு முன்னாடி கழட்டி வீட்டுல வெச்சுக்கலாம், அடுத்த வண்டிக்கும் சில சமயம் மாட்டலாம்.

ரீமேப் வேற ஜாதி. இங்க இசியூகிட்ட பொய் சொல்றது இல்ல, அதுக்குள்ள இருக்கற மேப்பையே மாத்தி எழுதறாங்க. டீசல் எவ்வளவு, எந்த டிகிரில பீச்சணும், பூஸ்ட் எவ்வளவு, விஜிடி வேன் எந்த ஆர்பிஎம்ல எவ்வளவு மூடியிருக்கணும், புகை லிமிட், டார்க் லிமிட்னு ஒவ்வொண்ணும் ஒரு கட்டம் போட்ட டேபிள். டியூனரோட லேப்டாப்பை எட்டிப் பார்த்தேன், கீழ ஆர்பிஎம், பக்கத்துல டீசல் அளவு, நடுவுல நெறைய நம்பர், எக்செல் ஷீட் மாதிரி தான் இருந்துச்சு. அவரு 1250-ல இருந்து 1750 வரைக்கும் இருக்கற வரிசையைக் காட்டி "இங்க தானே உங்களுக்கு பிரச்சனை, வேனை கொஞ்சம் முன்னாடியே மூட வெச்சா காத்து சீக்கிரம் வரும், காத்து வந்தா தான் நான் டீசல் குடுப்பேன்"னாரு. அந்த ஒரு வார்த்தையிலயே இவரு வெவரம் தெரிஞ்சவருன்னு புரிஞ்சுது.

ஆனா இதுக்கு முன்னாடி வேற ஒரு கடையில (பேரு வேண்டாம்) போட்டு பட்ட கதையைச் சொல்லியே ஆகணும். அவங்க ரெடிமேடா ஒரு மேப் ஃபைல் வெச்சிருந்தாங்க, 240 நியூட்டன் மீட்டர் வரும்னாங்க, அரை மணி நேரத்துல ஏத்தி அனுப்பிட்டாங்க, டைனோவும் (வண்டியோட பவரை அளக்கற மெஷின்) இல்ல, ரோட்டுல ஓட்டி இசியூ ரீடிங்கை லாக் எடுக்கறதும் இல்ல. ரெண்டு மாசம் ராக்கெட். மூணாவது மாசம் அதே வால்பாறை ரோடு, மச்சான் குடும்பமும் ஏறியிருந்துச்சு, பாதி மலையில தேர்டு கியர்ல அமுக்குறேன், ஆர்பிஎம் முள்ளு 2200-ல இருந்து 3000-க்கு சர்ருனு ஏறுது, ஸ்பீடோ முள்ளு அசையவே இல்ல. மச்சான் "மாப்ள என்னமோ தீயற வாசம் வருது"ன்னாரு. கிளட்ச் ஸ்லிப். 200-க்கு செஞ்ச கிளட்ச், அதுவும் 80 ஆயிரம் கிலோமீட்டர் ஓடின கிளட்ச், ஆறு பேரு லோடுல 240-ஐ எப்படி தாங்கும்? பிரஷர் பிளேட்டு, டிஸ்க்கு, பேரிங்னு கிளட்ச் செட்டே மாத்த வேண்டியதாச்சு, ரீமேப்புக்கு குடுத்ததை விட அதுக்கு ஜாஸ்தி ஆச்சு.

அதுக்கப்புறம் தான் ரெண்டாவது டியூனர், மேல சொன்ன லேப்டாப்காரரு. அவரு டார்க்கை 220 கிட்டயே நிறுத்திட்டாரு, அதுவும் 2000-க்கு கீழ மெதுவா ஏத்தி. பேப்பர்ல பார்த்தா பழைய ஃபைலை விட கம்மி தான், ஆனா மலையில ஓட்டுனா இது தான் வேகம், ஏன்னா இப்ப 1500-லயே வண்டி உயிரோட இருக்கு, வளைவுல இருந்து வெளிய வர்றப்ப ஃபர்ஸ்ட் கியருக்கு போகவே வேண்டியதில்ல. புகையும் இல்ல. இன்னொரு நுணுக்கம் அவரு சொன்னது, மலை ஏற ஏற காத்து லேசாகும், 1000 மீட்டர் உயரத்துல ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு அடர்த்தி போயிரும், அதே பூஸ்ட்டைக் குடுக்க டர்போ இன்னும் வேகமா சுத்தணும், அதனால உயரத்துக்கு ஏத்த மாதிரி பூஸ்ட்டைக் கொறைக்கற டேபிள் ஒண்ணு கம்பெனி வெச்சிருக்கும், அதுல கை வெக்கக் கூடாதாம். கண்டபடி ஏத்தி விடற ஃபைல்ல இதையும் தூக்கிடறாங்க, கீழ கோயமுத்தூர்ல சூப்பரா ஓடும், ஊட்டி போனா டர்போ போகும்.

ரீமேப்ல குறை இல்லாம இல்ல. வாரன்டில இருக்கற வண்டின்னா மறைக்க முடியாது, பல இசியூல எத்தனை தடவை ஃபிளாஷ் பண்ணுனாங்கன்னு (புது மேப் ஏத்துனாங்கன்னு) கணக்கே பதிவாகும். சர்வீஸ் சென்டர்ல சாஃப்ட்வேர் அப்டேட் போட்டா உங்க காசு ஒரு நொடியில அழிஞ்சு போகும். என் வண்டி வாரன்டி எல்லாம் முடிஞ்ச பழைய வண்டி, அதனால எனக்கு கவலை இல்ல.

ஃபில்டர், எக்ஸாஸ்ட் சமாச்சாரம் சீக்கிரம் முடிச்சிரலாம். கோன் ஃபில்டர் (கம்பெனி ஏர்பாக்ஸுக்கு பதிலா மாட்டற கூம்பு மாதிரி ஏர் ஃபில்டர்) மாட்டுனா உஸ்ஸுன்னு சத்தம் வரும், சத்தம் வந்தா வேகமா போற மாதிரி ஒரு ஃபீல், அவ்வளவு தான். கம்பெனி ஏர்பாக்ஸ் முன்னாடி கிரில்கிட்ட இருந்து குளிர்ந்த காத்தை இழுக்குது, கோன் ஃபில்டர் பானெட்டுக்குள்ள இருக்கற சூடான காத்தை இழுக்குது. 30 டிகிரி காத்துக்கும் 60 டிகிரி காத்துக்கும் அடர்த்தியில ஏறக்குறைய 9 சதவீதம் வித்தியாசம், அதாவது காசு குடுத்து வால்பாறை உயரத்தை உங்க பானெட்டுக்குள்ளயே கொண்டு வர்றீங்க! சுத்தமான பேப்பர் ஃபில்டரே போதும். ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட், டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்து வர்ற எக்ஸாஸ்ட் குழாய்) எல்லாம் டர்போ வண்டில ரீமேப்போட சேத்து போட்டா பலன் உண்டு, தனியா போட்டா சத்தம் தான், புகையை சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை தூக்கிட்டு போடறவங்களை நான் ஆதரிக்கவே மாட்டேன். பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி) டீசல்ல டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கற ஃபில்டர்) கழட்டறதும் அப்படி தான், அந்தப் புகையை மூச்சுல இழுக்கறது நம்ம பசங்க.

பெட்ரோல் வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு. டர்போ இல்லாத 1.2 ஸ்விஃப்ட் மாதிரின்னா தயவு செஞ்சு பவருக்காக ரீமேப் போடாதீங்க. தம்பி வண்டில போட்டோம், ஆக்சிலேட்டர் ரெஸ்பான்ஸ் கொஞ்சம் சுறுசுறுப்பாச்சு, பவர்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல, ஏன்னா உள்ள போற காத்தை மாத்த அங்க வழியே இல்ல. அந்தக் காசுக்கு நல்ல டயர் போடலாம். டர்போ பெட்ரோல்னா நெலமையே வேற. பலேனோ ஆர்எஸ் இங்க 102 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டர்னு வந்துச்சு, அதே 1.0 பூஸ்டர்ஜெட் யூரோப்ல 111 பிஎஸ், 170 நியூட்டன் மீட்டர். கம்பெனியே எடம் விட்டு வெச்சிருக்கு. போலோ ஜிடி டிஎஸ்ஐயும் அப்படி தான், 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர் வண்டி, ஆனா அதுல இருக்கற ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும் தான் தாங்கும்னு செஞ்சது, அதை மனசுல வெச்சுக்கிட்டு தான் ஃபைல் கேக்கணும். எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதுன ஃபைல்னும் கேளுங்க, கம்மி ஆக்டேன் ஊத்துனா நாக்கிங் (பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கறது) வரும், இசியூ டைமிங்கைப் பின்னாடி இழுக்கும், வாங்குன பவர் அங்கயே போயிரும்.

பெரிய டர்போ போடறது பத்தி நான் பேச மாட்டேன், அது இன்ஜெக்டர், கிளட்ச், இன்டர்கூலர், பிரேக்குன்னு முடிவே இல்லாம போகும், செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்ல ஓட்டறவங்களுக்கு சரி, குடும்ப வண்டிக்கு வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்சில இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு, அதே வருஷம் வந்த திருத்தத்துல அனுமதி இல்லாத ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபா அபராதம் இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். இன்சூரன்ஸ் கிளெய்ம்லயும் கேள்வி கேப்பாங்க. தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.

இதெல்லாம் தெரிஞ்சும் போடறதா இருந்தா, விஜிடி டீசலுக்கும் டர்போ பெட்ரோலுக்கும் என் ஓட்டு அடக்கமான ரீமேப்புக்கு தான். ஃபிக்சட் டர்போ ஸ்விஃப்ட்டுக்கும் ரீமேப் தான், ஆனா கீழ் ஆர்பிஎம்ல பெரிசா எதிர்பார்க்காதீங்க, ஆட்டி விட அங்க வேன் கிடையாது. போறதுக்கு முன்னாடி கிளட்ச் எப்படி இருக்குன்னு பாத்துருங்க, டாப் கியர்ல 2000-ல வெச்சு முழுசா அமுக்கி ஆர்பிஎம் மட்டும் தனியா எகிறுதான்னு பாத்தா போதும். டைனோ இருந்தா ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு ரன், ஏத்துன பின்னாடி ஒரு ரன், அதே நாள் அதே மெஷின்ல கேளுங்க, பின்னாடி ரன் மட்டும் காட்டுனா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல. உங்க வண்டியோட ஒரிஜினல் ஃபைலை ஒரு பென் டிரைவ்ல போட்டு கையோட வாங்கிக்கோங்க. மொதல் கடையில நான் அதை வாங்காம வந்துட்டேன், ரெண்டாவது டியூனர் அதே வருஷ எர்டிகா ஒண்ணைத் தேடிப் புடிச்சு அதுல இருந்து ஃபைலை எடுக்க நாலு நாள் ஆச்சு, அதுவரைக்கும் வண்டி அவரு ஷெட்ல தான் நின்னுச்சு.