340 கிராம் என்று சொல்லி 46,000 ரூபா வாங்கினார்கள்: உயரத்துக் கண்ணாடி கழுவுகிறவர்கள் கவனம்

கண்ணாடி கழுவும் தொழிலில் இருக்கிறவர்கள், ஹொட்டல், கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர்கள், ஒன்லைனில் தொழில் சாமான் வாங்குகிற யாராக இருந்தாலும் தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கள். 340 கிராம் என்று சொல்லி ஒரு ஒன்லைன் பக்கத்தில் விற்ற இரண்டு கண்ணாடி கழுவும் பிரஷ்ஷால் என் 46,000 ரூபா போய்விட்டது. "காசு வரும் அண்ணா, காசு வரும் அண்ணா" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நேற்று இரவு என் நம்பரை ப்ளொக் பண்ணிவிட்டார்கள். இனிப் பொறுத்திருக்க ஒன்றும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் திருகோணமலையில் கண்ணாடி கழுவும் வேலை எடுத்துச் செய்கிறவன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹொட்டல்கள்தான் கூட, டவுனுக்குள் சில அலுவலகக் கட்டடங்களும் இருக்கின்றன. ஏணியில் ஏறி நின்று துடைப்பதை எப்போதோ விட்டுவிட்டோம். இப்போது தண்ணீர் ஓடும் நீளத்தடிதான். நிலத்தில் நின்றபடியே தடியை நீட்டுவோம், அதற்குள்ளால் மெல்லிய குழாய் ஒன்று போகும், நுனியில் பிரஷ், பிரஷ்ஷில் இருக்கிற ஜெட் என்கிற சின்னத் துவாரத்தால் தண்ணீர் பாயும். அந்தத் தண்ணீர் உப்பும் தாதுவும் எடுத்த தண்ணீர், தண்ணீரில் கரைந்திருக்கிறதை அளக்கிற டிடிஎஸ் மீற்றரில் பூச்சியமோ பூச்சியத்துக்குக் கிட்டவோ காட்ட வேண்டும். அப்படியிருந்தால் துடைக்கவே தேவையில்லை, கழுவி அலசி விட்டால் தானாகக் காய்ந்து பளிச்சென்று இருக்கும். கரையோரக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே அடித்தால் காய்ந்த பிறகு கண்ணாடி முழுக்க வெள்ளைப் பொட்டு நிற்கும், அதை எடுக்கிறது பெரிய பாடு.

இந்த வேலையில் எல்லோரும் தடியைப் பற்றித்தான் கதைப்பார்கள், காபன் ஃபைபரா கிளாஸ் ஃபைபரா என்று. தடி முக்கியம்தான், ஆனால் தோளை முறிப்பது நுனியில் இருக்கிற பிரஷ். கணக்கு லேசு: ஏழு மீற்றர் தடியின் நுனியில் 400 கிராம் கூடுதலாக இருந்தால், தடியைப் படுக்கையாகப் பிடிக்கும்போது கைக்கு ஒரு மீற்றர் தள்ளி 2.8 கிலோ தொங்குகிற சுமை அது. நேராக நிமிர்த்திப் பிடித்தால் தெரியாது. ஆனால் நாள் முழுக்க நிமிர்த்தியே பிடிக்க ஏலுமா? தூக்க வேண்டும், இறக்க வேண்டும், அடுத்த யன்னலுக்கு நகர வேண்டும், மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று சரித்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் அந்த 400 கிராம் முதுகில் தெரியும். அதோடு பிரஷ் கனமாக இருந்தால் அலசுவதற்குக் கண்ணாடியை விட்டுத் தூக்கிப் பிடிக்கவும் ஏலாது, கண்ணாடியிலேயே வைத்துத்தான் அலச வேண்டும், அதற்கு ஜெட் வேறு மாதிரி இருக்க வேண்டும். ஒன்று பிழைத்தால் எல்லாம் பிழைக்கும்.

வாடைக்காற்று முடிந்தவுடன் கடல் பார்த்த கண்ணாடி எல்லாம் உப்புப் படிந்து மங்கிப்போய் இருக்கும். சீசன் தொடங்குவதற்கு முன் கழுவிக் கொடுக்க வேண்டும், பிறகு கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் தூசி. எங்களுக்கு இதுதான் உழைக்கிற காலம். பழைய பிரஷ் இரண்டும் தேய்ந்து மயிர் படுத்துவிட்டது, இந்த முறை எடை குறைந்த நல்ல பிரஷ் எடுப்போம் என்று தேடினேன். இங்கே கடையில் இந்தச் சாமான் கிடையாது. கொழும்பில் இருந்து துப்புரவுச் சாமான் விற்கிற ஒரு ஒன்லைன் பக்கத்தைக் கண்டேன். பெயர் போடவில்லை, ஆனால் இந்த மாதிரிப் பக்கங்கள் எல்லாவற்றையும் பற்றித்தான் சொல்கிறேன்: அழகான படங்கள், வெளிநாட்டுக்காரர் வேலை செய்கிற வீடியோக்கள், கீழே நூற்றுக்கணக்கில் கொமென்ட், முகவரி என்று ஒன்று மட்டும் இருக்காது.

நான் கண்ணை மூடிக்கொண்டு காசு போடவில்லை. போன் எடுத்துக் கதைத்தேன். எடுத்தவர் நல்ல தமிழில் கதைத்தார். என்ன உயரம், எத்தனை மாடி, தடியின் நுனி என்ன அளவு, கண்ணாடியில் தண்ணீர் படர்ந்து ஓடுமா அல்லது முத்து முத்தாகத் திரளுமா என்று அவராகவே கேட்டார். இந்தக் கேள்வியைத் தொழில் தெரிந்தவன்தான் கேட்பான். தண்ணீர் திரண்டு ஓடுகிற கண்ணாடிக்கு விசிறியாகப் பாய்கிற ஜெட் நல்லது, படர்ந்து ஓடுகிற கண்ணாடிக்கு நேராகப் பாய்கிற பென்சில் ஜெட் போதும், இதையும் அவரே சொன்னார், சரியாகத்தான் சொன்னார். எனக்கு அந்த இடத்தில்தான் நம்பிக்கை வந்தது. அதை நினைக்கத்தான் இப்போதும் வயிறு எரிகிறது. தொழில் தெரியாதவன் ஏமாற்றினால் அது ஒரு மாதிரி. நமக்கு என்ன தேவை, ஏன் தேவை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கு நேர்மாறான சாமானை அனுப்புகிறவனை என்ன சொல்வது?

பிறகு ஒரு வீடியோ அனுப்பினார்கள். சமையலறைத் தராசில் பிரஷ், 340 கிராம். நான் திரும்பவும் கேட்டேன், "ஜெட், குழாய், தடியில் பூட்டுகிற துண்டு எல்லாம் சேர்த்தா இந்த எடை?" அதற்கு அவர் அனுப்பிய குரல் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது: "முழுசா அண்ணா, எல்லாம் சேர்த்துத்தான், பெட்டியில் இருந்து எடுத்து அப்படியே பூட்டலாம்."

முதலில் சாமான் வந்த பிறகு காசு என்றார்கள். பிறகு விலை கூடின சாமானுக்குக் கூரியர்காரர் காசு வாங்கித் தர மாட்டார்கள் என்று பாதி கேட்டார்கள், 23,000 போட்டேன். பார்சல் கட்டியாயிற்று, மிச்சத்தையும் போட்டால் இன்றே அனுப்பலாம் என்று படம் அனுப்பினார்கள், அதையும் போட்டேன். இரண்டு பிரஷ், 46,000 ரூபா. கணக்கு ஒரு தனியாளின் பெயரில் இருந்தது, கேட்டதற்கு "முதலாளியின் பெயர்" என்றார்கள்.

பார்சல் வந்தது. பெட்டியைத் தூக்கும்போதே கைக்கு விளங்கிவிட்டது. சந்தியில் இருக்கிற பலசரக்குக் கடைக்குக் கொண்டுபோனேன், அண்ணை தராசில் இருந்த வெங்காயப் பையை இறக்கிவிட்டு வைத்துப் பார்த்தார்: 790 கிராம். மற்றதையும் வைத்தார், அதுவும் கிட்டத்தட்ட அதே எடை. ஒன்றைத் தண்ணீரில் தோய்த்து உதறிவிட்டு வைத்தோம், ஒரு கிலோவைத் தாண்டியது. கண்ணாடி பிரஷ்ஷின் மயிர் நுனி மென்மையாக இருக்க வேண்டும், கன்னத்தில் தேய்த்தால் குத்தக் கூடாது. இது உள்ளங்கையில் கீறுகிறது. உண்மையில் இது சீமெந்துத் தரை உரசுகிற பிரஷ். அதில் இரண்டு துளை போட்டு பிளாஸ்டிக் ஜெட் செருகியிருக்கிறார்கள், துளை போட்ட பிசிறைக்கூட வெட்டி எடுக்கவில்லை. ஒரு ஜெட் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்காமல் மயிருக்குள் அடிக்கிறது. பூட்டுகிற துண்டின் புரி என் தடிக்குப் பொருந்தவில்லை. அந்த அளவை எத்தனை தரம் கேட்டார்கள்! பின்னால் இருக்கிற ஆணி சாதாரண இரும்பு, எங்கள் கடல் காற்றில் இரண்டு கிழமையில் துரு பிடித்துக் கண்ணாடியில் மஞ்சள் கோடு இறங்கும்.

நிலாவெளியில் மூன்று மாடி ஹொட்டல் ஒன்றுக்கு நாள் கொடுத்திருந்தேன், தள்ளிப் போட ஏலாது. பழைய துண்டை மாற்றிப் பூட்டிக்கொண்டு போனோம். தங்கச்சியின் மகன்தான் என்னோடு வேலைக்கு வருகிறவன், இருபது வயதுப் பொடியன், பலசாலி. மூன்றாம் மாடியைத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே "மாமா, கை விட்டுப் போகுது" என்றான். தடி ஆடத் தொடங்கி பிரஷ்ஷின் விளிம்பு அலுமினியச் சட்டத்தில் இடித்தது, நல்ல பிரஷ்ஷில் ஓரத்தில் ரப்பர் இருக்கும், இதில் இல்லை. கீழே பால்கனியில் ஆட்கள் நிற்கிற இடம். தடி கை தவறி விழுந்திருந்தால் யார் பொறுப்பு? உடனே நிறுத்தச் சொன்னேன். கழுவின கண்ணாடியில் உதிர்ந்த மயிர்த் துண்டுகள் ஒட்டிக் காய்ந்து கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தன. மனேஜர் வந்து ஒன்றும் சத்தம் போடவில்லை, போனில் படம் எடுத்துவிட்டு, "வேறு ஆளைப் பார்க்கட்டுமா தம்பி?" என்று கேட்டார். பழைய பிரஷ்ஷைப் பூட்டி இருட்டும் மட்டும் நின்று முடித்துக் கொடுத்தோம். அந்த ஹொட்டல் அடுத்த முறை கூப்பிடுமோ தெரியாது.

இனி அவர்கள் சொன்ன பதில்கள். முதலில் "சொறி அண்ணா, கூரியரில் பார்சல் மாறியிருக்கும்." பெட்டியில் என் பெயர், உள்ளே துளை போட்ட பிரஷ், எப்படி மாறும்? பிறகு "340 கிராம் பிரஷ் தலைக்கு மட்டும்தான் சொன்னது." அவர்களின் குரல் பதிவையே அவர்களுக்குத் திருப்பி அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அடுத்த நாள் வேறு ஒரு பிள்ளை கதைத்தா, "சேர், நனைத்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம்." தண்ணீர் ஓடுகிற தடியில் பூட்டுகிற பிரஷ்ஷை நனைக்காமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன், மனேஜரிடம் கேட்டுச் சொல்வதாக வைத்துவிட்டா. மனேஜர் லீவு. மனேஜர் மீட்டிங். பிறகு "நீங்களே கொழும்புக்கு அனுப்புங்கள், செலவு உங்களுடையது, பார்த்துவிட்டு முடிவு சொல்வோம்" என்றார்கள். எந்த முகவரிக்கு என்றால் அதற்குப் பதில் இல்லை. பக்கத்தில் கொமென்ட் போட்டேன், அழித்தார்கள். திரும்பப் போட்டேன், அந்தப் பக்கத்தையே நான் பார்க்க ஏலாமல் பண்ணிவிட்டார்கள். 46,000 ரூபாவுக்குப் பற்றுச்சீட்டு என்று ஒரு துண்டு தந்திருக்கிறார்கள், அதில் "கிளீனிங் பிரஷ் 2" என்று மட்டும் இருக்கிறது, கம்பனி பெயர்கூட இல்லை.

எங்களுக்கு 46,000 சின்னக் காசு இல்லை. பொடியனின் சம்பளம், தண்ணீரில் உப்பெடுக்கிற வடிகட்டிக்கு மாற்ற வேண்டிய ரெசின், எல்லாம் அதில்தான் இருந்தது.

நல்ல எடை குறைந்த பிரஷ் எப்படித் தெரிவு செய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை, அவசரமாகச் சிலது சொல்கிறேன். எடையைக் கேட்டால் பூட்டுகிற துண்டு, ஜெட், குழாய், வளைவுத் துண்டு பாவிக்கிறீர்கள் என்றால் அதுவும், எல்லாம் பூட்டின நிலையில் தராசில் வைத்து, உங்கள் பெயரையும் அன்றைய திகதியையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எவனோ எடுத்த வீடியோ வேண்டாம். நனைத்த பிறகு என்ன எடை என்றும் கேளுங்கள், நுனி பிளந்த அடர்த்தியான மயிர் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்த எடையை வைத்து முடிவெடுக்காதீர்கள். பன்றி மயிர் கலந்தது தூசிக்கு அருமை, ஆனால் பாரம் கூட, மூன்றாம் மாடிக்கு நைலோன் போதும். அகலம் கூடினால் வேலை கெதியாக முடியும் என்று பெரிசை எடுக்காதீர்கள், உயரத்துக்குச் சின்னத் தலைதான். எங்கள் பக்கத்துக்கு இரும்பு ஆணி வேண்டவே வேண்டாம்.

காசு விஷயம்: கடையின் பெயரில் கணக்கு இல்லையென்றால் ஒரு ரூபாவும் போடாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வெட்டுவதில் இருந்து வீடியோ எடுங்கள். நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தேன், அவர்களுக்கு எழுத்திலும் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் ஆட்களை ஏமாற்றுகிற விதமாக வியாபாரம் நடத்தக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. வங்கிச் சிலிப், குரல் பதிவு, பலசரக்குக் கடைத் தராசின் படம் எல்லாம் கோவையில் வைத்திருக்கிறேன்.

இதே துளை போட்ட தரை பிரஷ் வேறு யாருக்காவது வந்திருந்தால், மட்டக்களப்போ யாழ்ப்பாணமோ எங்கே இருந்தாலும், சிலிப்பை எறியாமல் எனக்கு மெசேஜ் போடுங்கள், சேர்த்துக் கொடுப்போம்.