கொழும்பு வெக்கையில் நீரால் குளிரும் கணினி: வெள்ளவத்தைப் பணிமனை ஒன்றின் வேலை பற்றி

கொழும்பில் கணினி விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் வாடிக்கையாளரின் தேவைக்கேற்ப நீர்க்குளிரூட்டல் லூப் (கணினிப் பாகங்களின் வெப்பத்தை ஏற்று நீர் சுற்றிவரும் மூடிய குழாய்ச்சுற்று) ஒன்றை வடிவமைத்து, குழாய் வெட்டி, கசிவு பார்த்து ஒப்படைப்பவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் இந்த நகரத்தின் வெக்கையையும் கடற்காற்றையும் மின்சாரத்தையும் கணக்கிலெடுத்துக் கட்டுபவர்கள் இன்னும் சிலர். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் குறுக்கு வீதியொன்றில் இரண்டு இளைஞர்கள் நடத்தும் சிறிய பணிமனை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அவர்கள் கட்டிய கணினியில் ஓராண்டுக்கும் மேலாக வேலை செய்த பின்னரே இதை எழுதுகிறேன். ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டுமே கையிலெடுப்பதால் பெயரைப் பகிரங்கமாக எழுத வேண்டாமென்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே பெயரை விட்டுவிட்டு வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என் தொழில் ஆவணப்படத் தொகுப்பு. காட்சிகளைத் தொகுப்பதும் பின்னணிக் குரலைப் பதிவு செய்வதும் ஒரே அறையில்தான் நடக்கின்றன. ரெண்டர், அதாவது தொகுத்த காட்சிகளைக் கணினி இறுதிப் படமாக உருவாக்கும் வேலை, ஓடும்போது பழைய கணினியின் மின்விசிறிகள் எழுப்பிய இரைச்சலால் குரல் பதிவை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. ஆகவே எனக்குத் தேவைப்பட்டது வேகத்தை விட அமைதியே. புதிய கணினிக்கு ரைசன் 9 9950எக்ஸ் புரொசஸரையும் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டையும் தெரிவு செய்திருந்தேன். முதலாவது முழுச்சுமையில் 230 வாட் வரையும் இரண்டாவது 450 வாட் வரையும் மின்சாரம் எடுக்கக்கூடியவை. எடுக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது.

இந்தப் பணிமனையின் மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது, அவர்கள் முதலில் எதை விற்க மறுத்தார்கள் என்பதைப் பார்த்தபோதுதான். ஐரோப்பிய, அமெரிக்கப் பரிசோதனைக் காணொளிகளில் தெரியும் வெப்பநிலைகள் என் கணினிக்கும் கிடைக்குமா என்று கேட்டேன். மூத்தவர் உடனே, “அறையை விடத் தண்ணி குளிராது அண்ணை, அப்பிடிச் சொல்லி விக்கிறவையை நம்பாதேங்கோ” என்றார். இதுவே இந்தத் துறையின் அடிப்படை விதி. ரேடியேற்றர் வழியாகச் செல்லும் நீர் தன் வெப்பத்தை அறைக் காற்றிடமே ஒப்படைக்கிறது. ஆதலால் நீரின் வெப்பநிலை எப்போதும் காற்றின் வெப்பநிலைக்குச் சில பாகைகள் மேலேதான் நிற்கும். நன்கு வடிவமைத்த லூப்பில் இந்த இடைவெளி முழுச்சுமையில் பத்துப் பாகை அளவில் இருக்கும். அறை 21 பாகையில் இருக்கும் ஊரில் நீர் 31 பாகையில் நிற்குமென்றால், ஏசி போடாத கொழும்பு அறையில் அதே லூப்பின் நீர் 40 பாகையைத் தாண்டும். இதை முன்கூட்டியே சொல்லாமல் இலட்சக்கணக்கில் பணம் வாங்குபவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள்.

இந்த வெக்கையை முன்னிட்டு அவர்கள் செய்த முதல் முடிவு, ரேடியேற்றர் பரப்பைப் பெரிதாக்கியது. கேசிங்கின் மேற்புறத்தில் 360 மில்லிமீற்றர் ரேடியேற்றர் ஒன்றையும் முன்புறத்தில் அதே அளவான இன்னொன்றையும் வைத்து, ஆறு மின்விசிறிகளை மிக மெதுவாகச் சுழலவிட்டிருக்கிறார்கள். சிறிய ரேடியேற்றரில் வேகமான மின்விசிறிகளைப் பொருத்தியும் இதே வெப்பத்தை அகற்றலாம். அப்போது நீர்க்குளிரூட்டலுக்காகச் செலவிட்ட பணத்தின் பயன், அதாவது அமைதி, கைநழுவிவிடும்.

குழாய்கள் எந்த வரிசையில் செல்ல வேண்டும், புரொசஸருக்கு முன் கட்டாயம் ஒரு ரேடியேற்றர் வேண்டுமா என்ற கேள்வி கணினி ஆர்வலர்களிடையே அடிக்கடி எழுகிறது. பணிமனையினர் கடதாசியில் கணக்குப் போட்டே இதற்கு விடை காட்டினார்கள். ஒரே கனவளவை எடுத்துக்கொண்டால் நீர் காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். நிமிடத்துக்கு ஒரு லீற்றர் ஓடும் நீர், 70 வாட் வெப்பத்தை ஏற்றால் ஒரு பாகை மட்டுமே உயரும். என் லூப்பில் நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று லீற்றர் ஓடுகிறது. நீண்ட ரெண்டரில் வெளியேறும் 600 வாட் அளவான வெப்பம் முழுவதும் சேர்ந்தாலும், லூப்பின் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் மிகச் சூடான இடத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு மூன்று பாகைக்குள் அடங்கிவிடும். ஆகவே வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல், குழாய் குறுகியதாகவும் வளைவு குறைவாகவும் அமையும் பாதையையே தெரிந்தெடுத்தார்கள்.

பொருட்தெரிவில் அவர்கள் காட்டிய கண்டிப்பை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பல லூப்புகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். செம்பும் நிக்கல் பூசிய செம்பும் பித்தளையும் தவிர வேறு உலோகம் நீரைத் தொடக்கூடாது என்பது அவர்களின் விதி. அலுமினியமும் செம்பும் ஒரே நீரில் இருந்தால் மின்வேதியியல் அரிப்பு ஏற்பட்டு அலுமினியம் தின்னப்படும். சந்தையில் மூடிய தொகுதியாக விற்கப்படும் பெரும்பாலான நீர்க்குளிரூட்டிகளில் செம்புத் தகட்டுடன் அலுமினிய ரேடியேற்றரே இருக்கிறது. அவை தாக்குப்பிடிப்பது, அரிப்பைத் தடுக்கும் இரசாயனம் கலந்த திரவம் தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடப்படுவதால்தான். அத்தகைய ஒன்றிலிருந்து ரேடியேற்றரைக் கழற்றி மற்றப் பாகங்களுடன் சேர்த்துத் தரும்படி கேட்டு வந்த ஒருவரின் வேலையை ஏற்க மறுத்ததாகவும் சொன்னார்கள். அவர்களின் அந்த மறுப்பு சரியானதே.

குழாய்க்கு வந்தபோது என் விருப்பமும் அவர்களின் அறிவுரையும் வேறுபட்டன. கண்ணாடி போன்ற கடினக் குழாய்களின் அழகு என்னைக் கவர்ந்திருந்தது. அக்குழாய்களில் மலிவான பெட்ஜி என்ற பிளாஸ்டிக் வகை ஏறத்தாழ 80 பாகையில் இளகும் தன்மையது; 60 பாகையை நெருங்கும்போதே பிட்டிங்ஸ் எனப்படும் குழாய் இணைப்புகளின் இறுக்கத்தில் உருக்குலையத் தொடங்கலாம். குளிர்நாட்டில் நீர் ஒருபோதும் அந்த எல்லைக்கு அருகில் வராது. இங்கே வழக்கமான வேலையிலேயே 40 பாகையைத் தாண்டும் நீர், மின்விசிறிகள் நின்றுபோனாலோ பம்ப் பழுதடைந்தாலோ அந்த எல்லையை விரைவில் அடைந்துவிடும். அக்ரிலிக் குழாய் அதைவிட அதிக வெப்பம் தாங்கும், ஆனால் வெட்டும்போதும் வளைக்கும்போதும் எளிதில் வெடிக்கும். இறுதியில் ஈபிடிஎம் எனப்படும் கறுப்பு இறப்பர்க் குழாயையே ஏற்றுக்கொண்டேன். மென்மையான ஒளிபுகும் குழாய்கள் சிலவற்றில் பிளாஸ்டிக்கை இளக்குவதற்குச் சேர்த்த பொருள் காலப்போக்கில் நீரில் கரைந்து சில்லின் மேல் பொருத்தி நீர் ஓடவிடும் வோட்டர் புளொக்கின் நுண்ணிய துடுப்புகளை அடைத்துவிடும். ஈபிடிஎம் குழாயில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. அது பார்வைக்கு அழகில்லை என்பது உண்மைதான். ஆனால் மேசைக்குக் கீழே நிற்கும் வேலைக்கணினிக்கு இதைவிடப் பொருத்தமான குழாய் இல்லையென்று இப்போது நினைக்கிறேன்.

திரவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எரிபொருள் நிலையங்களில் விற்கும் பற்றரித் தண்ணீரையே லூப்பில் ஊற்றலாம் என்று நண்பர்கள் பலர் நம்புகிறார்கள். கனியுப்பு நீக்கிய நீர் தவறான அடிப்படையல்ல. ஆனால் அரிப்புத் தடுப்பானும் கிருமிநாசினியும் சேர்க்காமல் அதை மட்டும் ஊற்றினால், 40 பாகையளவு சூடும் யன்னல் வெளிச்சமும் சேர்ந்து பாசி வளர்வதற்கு ஏற்ற சூழலை உருவாக்கிவிடும். வண்ணம் கலந்த பால்போன்ற திரவங்களில் நுண்துகள்கள் மிதக்கின்றன. அவை நாளடைவில் படிந்து அடைப்பை உண்டாக்கும். எனக்கு நிறமற்ற, தயார்நிலையில் கலந்த திரவத்தையே நிரப்பித் தந்தார்கள்.

குளிர்பானப் போத்தலில் நீர் அரும்புவது போலக் குழாயிலும் அரும்பி மதர்போர்டில் சொட்டாதா என்பது இந்த ஈரலிப்பான நகரத்தில் நியாயமான அச்சம். காற்றைவிடக் குளிர்ந்த பரப்பில்தான் நீர் அரும்பும். இந்த லூப் எப்போதும் காற்றைவிடச் சூடாகவே இருப்பதால் அதற்கு வாய்ப்பில்லை. நெடுநேரம் ஏசியில் குளிர்ந்த அறையில் அணைத்து வைத்திருந்த கணினியை, கதவு யன்னல்களைத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விட்டவுடன் இயக்காமல், சற்றுப் பொறுத்து இயக்கும்படி மட்டும் அறிவுறுத்தினார்கள். அது எல்லாக் கணினிக்கும் பொருந்தும்.

கசிவுப் பரிசோதனையை நேரில் பார்த்தேன். திரவம் ஊற்றுவதற்கு முன் சிறு கைப்பம்பியால் அரை பார் அளவு காற்றழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தார்கள். பின்னர் நிரப்பி, மற்றப் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் இரவு முழுவதும் ஓடவிட்டு, ஒவ்வொரு பிட்டிங்ஸின் கீழும் மெல்லிய வெள்ளைக் கடதாசி விரித்து வைத்தார்கள். பம்ப் டி5 வகையைச் சேர்ந்தது. அதன் சுழற்சி வேகத்தைத் தெரிவிக்கும் கம்பியை மதர்போர்டின் புரொசஸர் மின்விசிறி இணைப்பில் சொருகியிருப்பதால், பம்ப் நின்றால் மதர்போர்ட் எச்சரித்துக் கணினியை அணைத்துவிடும். நீரின் வெப்பநிலையை அளக்கும் உணரியும் உண்டு. மின்விசிறிகளின் வேகத்தைத் தீர்மானிப்பது அந்த அளவீடே. புரொசஸரின் வெப்பநிலை நொடிக்கு நொடி தாவும். நீரின் வெப்பநிலை மெதுவாகவே மாறும். ஆகவே மின்விசிறிகள் திடீரென்று எழுந்து அடங்கும் எரிச்சல் எனக்கு இல்லை.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டை அனுபவித்த நகரம் இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருளில் மூழ்கியதும் மறக்கக்கூடியதல்ல. மின்சாரம் போனால் பம்பும் வெப்பத்தை உண்டாக்கும் பாகங்களும் ஒன்றாகவே நிற்பதால் லூப்புக்குக் கேடில்லை. மின்சாரம் திரும்பும்போது வரும் ஏற்ற இறக்கமே ஆபத்து. சைன் அலை வெளியீடுள்ள யூபிஎஸ் இல்லாமல் கணினியை எடுத்துச் செல்ல அவர்கள் என்னை விடவில்லை.

இனி விளைவைச் சொல்கிறேன். அறை 30 பாகையில் இருக்கும்போது நீண்ட ரெண்டரில் நீர் 41 பாகையில் நிலைகொள்கிறது. கிராபிக்ஸ் கார்ட் 55 பாகையை ஒட்டி நிற்கிறது. புரொசஸர் மட்டும் 80 பாகைக்கு மேல் ஏறுகிறது, அதற்குக் காரணம் லூப் அல்ல. கிராபிக்ஸ் கார்டின் சில்லு ஏறத்தாழ 609 சதுர மில்லிமீற்றர் பரப்புடையது. இந்தப் புரொசஸரிலோ கணிப்பு நடக்கும் இரண்டு சில்லுகளும் தலா 70 சதுர மில்லிமீற்றரை ஒட்டியவை. அவ்வளவு சிறிய இடத்திலிருந்து வெப்பம் வெளியேறுவதற்கே ஓர் எல்லை உண்டு. இந்தப் புரொசஸர் 95 பாகை வரை இயங்க வடிவமைக்கப்பட்டது என்பதால் கவலை இல்லை. எனக்கு வேண்டியிருந்த அமைதி முழுமையாகக் கிடைத்திருக்கிறது. ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அருகில் ஒலிவாங்கியை வைத்துக் குரல் பதிகிறேன்.

ஆனால் அறை சூடாவதை எந்த லூப்பும் தடுக்காது. 600 வாட் என்பது, ஏசியின் திறனை அளக்கும் பிடியூ அலகில், மணிக்கு 2,000ஐத் தாண்டிய வெப்பம், அதாவது 9,000 பிடியூ ஏசி ஒன்றின் திறனில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சிறிய அறையில் வேலை செய்பவர்கள் மின்கட்டணத்தைக் கணக்கிடும்போது இதையும் சேர்க்க வேண்டும்.

குறைகளும் உண்டு. திரவத்தை வடிக்கும் வால்வு கேசிங்கின் பின்கீழ் மூலையில் இருப்பதால், இந்தப் பாரத்தை மேசைமேல் தூக்கி வைக்காமல் அதைத் திறக்க முடியாது. இவ்வளவு சிந்தித்துக் கட்டியவர்கள் பராமரிப்புக்கு மிக முக்கியமான இந்த இடத்தைக் கவனிக்காதது வியப்பளித்தது. விலைப்பட்டியலும் தனித்தனியாகப் பிரிக்கப்படாமல் மொத்தத் தொகையாகவே வந்தது. நான் வற்புறுத்திய பின்னரே பிரித்துத் தந்தார்கள். கசிவினால் மற்றப் பாகங்கள் பழுதானால் யார் பொறுப்பு என்பதும் வாய்வார்த்தையாகவே இருந்தது; அதையும் கேட்டுத்தான் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கினேன். கிராபிக்ஸ் கார்டின் மூலக் குளிரூட்டியைக் கழற்றினால் உத்தரவாதத்தை மறுக்கும் விற்பனையாளர்கள் உண்டு என்பதால், கார்டை வாங்கும்போதே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது வாங்குபவரின் கடமை.

செலவு பெரிது. பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். குளிரூட்டும் பாகங்களுக்கு மட்டும் எனக்கு 350,000 ரூபாவைத் தாண்டியது. விளையாட்டுக்காக, 120 வாட் வகுப்பைச் சேர்ந்த ரைசன் 7 9800எக்ஸ்3டி போன்ற புரொசஸருடன் கணினி கட்டுபவர்களுக்கு இது தேவையே இல்லை. அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும் நல்ல காற்றுக் குளிரூட்டி போதும். அந்தப் பணிமனையும் இப்படிப்பட்டவர்களைக் காற்றுக் குளிரூட்டிக்கே அனுப்பிவிடுகிறது. அமைதி தொழிலுக்கு இன்றியமையாதவர்களும், நாள்முழுதும் கிராபிக்ஸ் கார்டை முழுச்சுமையில் ஓட்டுபவர்களும் தயங்காமல் அவர்களிடம் செல்லலாம். ஆண்டுக்கொருமுறை திரவத்தை மாற்றி, ரேடியேற்றர் துடுப்புகளில் படியும் உப்புத் தூசியை அகற்றும் பராமரிப்பையும் அவர்களே செய்கிறார்கள். அடுத்த பராமரிப்பின்போது என் வடிகால் வால்வை முன்பக்கத்துக்கு மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். புதிதாகக் கட்டக் கொடுப்பவர்கள் அதை ஆரம்பத்திலேயே முன்பக்கத்தில் வைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.