வெளிநாடு கிளம்பும் வருடம்: எதை வைத்துக்கொள்வது, எதை யாரிடம் விடுவது

சேலத்தில் இப்போது பல வீடுகளில் இதே நிலவரம்தான். மனைவிக்கு வெளிநாட்டு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிட்டத்தட்ட உறுதி. கணவருக்கு ஜவ்வரிசி வியாபாரத்தில் மகாராஷ்டிரா, குஜராத் என்று ஓயாத அலைச்சல். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏரிக்கரையில் மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். எங்கள் வீடும் இந்த ரகம்தான். மூன்றும் ஒரே வருடத்தில் கூடி வந்தால் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லும் யோசனை ஒன்றே: "சேவையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல அதை நிறுத்து."

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சேவையை நிறுத்துவதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. ஒருவர் முன்னே போய் மற்றவர்கள் பின்னால் போவதா, எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதா என்பதுதான் முதலாவது. அதற்கு விடை தெரிந்தால், வியாபாரப் பயணம், சேவை இரண்டில் எது அடிபடும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

நர்ஸ் மட்டும் முன்னே போகும் வழியில் செலவு குறைவு. அவர் வீடு பார்த்து, பள்ளி விசாரித்து வைத்த பிறகு குடும்பம் போகலாம். பிள்ளைகளின் படிப்பும் பாதியில் அறுபடாது. ஆனால் ஊரில் மிச்சம் இருப்பவர் ஊர் ஊராகச் சுற்றுகிறவர் என்றால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வடக்கே ஜவ்வரிசிக்கு நல்ல கிராக்கி விரத நாட்களை ஒட்டித்தான்: அவர்களுடைய சிராவண மாதம், அப்புறம் நவராத்திரி. ஆர்டர் பிடிக்க அதற்கு முன்பே கடை கடையாக ஏறி இறங்கியாக வேண்டும். இங்கே அதே நாட்களில் பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு நெருங்கும். பாட்டி வந்து இருப்பார் சரி, கணக்குப் பாடம் யார் சொல்லித் தருவது? ஆக, இந்த வழியில் வெட்டுப்படுவது பயணம்தான். முதலாளியிடம் முன்கூட்டியே பேசி, சிதறிக் கிடக்கும் பயணங்களை ஒன்றாகக் கட்டிக்கொள்வதோ, பாதியை இன்னொருவருக்கு மாற்றிவிடுவதோ செய்ய வேண்டும். வேடிக்கை என்னவென்றால், சேவைக்கு இதில் சேதமே இல்லை. வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் கூடும், பிள்ளைகளையும் ஏரிக்கு அழைத்துப் போகலாம்.

எல்லோரும் ஒன்றாகப் போவது என்றால் கணக்கு தலைகீழ். கிளம்பும் வரை வீட்டில் இரண்டு பேர் இருப்பதால் பயணம் வழக்கம்போல் நடக்கும். ஆனால் நாலு பேருக்கும் காகிதம் ஒரே நேரத்தில் தயாராக வேண்டும், சனி ஞாயிறெல்லாம் அதிலேயே கரையும். சேவை அடிபடுவது இந்த வழியில்தான். பள்ளி ஆண்டும் ஒத்து வராது. நம் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூனில் தொடங்குகின்றன. வளைகுடா நாடுகளின் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஏப்ரல், ஜெர்மனியில் ஆகஸ்ட் செப்டம்பர் வாக்கில். எங்கே போகிறோம் என்பதைப் பொறுத்து, பிள்ளைகள் சில மாதம் சும்மா இருக்கவோ நடு ஆண்டில் போய்ச் சேரவோ நேரும்.

காகித வேலையைப் பலரும் குறைத்து எடைபோடுகிறார்கள். நம் ஊர்ப் பெயர்களுக்கு இனிஷியல் ஒரு பெரிய வம்பு. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். பிறப்புச் சான்றில் ஒரு மாதிரி, பள்ளியில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருக்கும். திருத்தம் செய்ய மாநகராட்சிக்கும் பள்ளிக்கும் நடக்க வேண்டும். திருமணப் பதிவு தமிழ்நாட்டில் கட்டாயமானது 2009 நவம்பரில்தான். அதற்கு முன் கல்யாணம் ஆன பலரிடம் சான்றிதழே கிடையாது, இனிமேல்தான் பதிய வேண்டும். கிளம்பும் முன் சான்றிதழுக்கு அங்கீகார முத்திரையும் வேண்டும். ஒரு நாட்டுச் சான்றிதழை மற்ற நாடுகள் ஒரே முத்திரையோடு ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005-லேயே சேர்ந்துவிட்டது. ஆனால் ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகள் அதில் இல்லாததால் அங்கே போகிறவர்களுக்குத் தூதரக முத்திரையும் சேர்த்துத் தேவைப்படும். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும், பெரியவர்களுடையது போல் பத்து வருடம் இல்லை. கைக்குழந்தையாக இருக்கும்போது எடுத்ததை நம்பி இருந்துவிடக் கூடாது.

வியாபாரப் பயணத்திலும் இரண்டு வகை இருக்கிறது. நாட்டுக்குள் சுற்றுகிறவர் ஆதாரைக் காட்டி விமானம் ஏறிவிடலாம். அயல்நாட்டுக்குப் போய் வருகிறவருக்கோ, குடும்ப விசாவுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் திரும்பி வரும் வரை கை கட்டிப்போட்ட மாதிரி. பல நாடுகள் முடிவு சொல்லும் வரை அதை வாங்கி வைத்துக்கொள்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் குறுகியகால விசாவுக்கே வழக்கமாக 15 நாள், இழுத்தால் 45 நாள் வரை ஆகலாம். இரண்டும் மோதினால் பயணத்தைத்தான் தள்ளிவைக்க வேண்டும்.

சென்னைக்குப் போகும் வேலைக்கு ரயிலா விமானமா என்று பெரிதாக அலச ஒன்றும் இல்லை. கமலாபுரத்தில், அதாவது சேலம் விமான நிலையத்தில், ஏறினால் சீக்கிரம் போய்விடலாம், ஆனால் அவர்கள் நேரத்துக்கு நாம் வளைய வேண்டும். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியும்போது சென்னை. விசா மையத்தில் கைரேகை கொடுத்துவிட்டு, வியாபாரிகள் இரண்டு பேரைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே திரும்பலாம். என் ஓட்டு ரயிலுக்கு.

இனி சேவை. எல்லாச் சேவையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஏற்காட்டு மலைக் கிராமத்தில் வாரம் ஒருநாள் பாடம் நடத்துகிறவர் வராமல் போனால், இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே பிள்ளைகள் காத்திருந்துவிட்டுத் திரும்புவார்கள். இந்த வாரம் உண்டு, அடுத்த வாரம் இல்லை என்பது அவர்களுக்குப் பாடமே இல்லாததைவிட மோசம். பயணம் அதிகம் உள்ளவர் இதை அரைகுறையாக இழுக்காமல், பள்ளி ஆண்டு முடியும்போது வேறு ஒருவரை அறிமுகப்படுத்திவிட்டு விலகுவதே நல்லது.

கன்னங்குறிச்சி மூக்கனேரி போன்ற இடத்தில் கை கொடுப்பது அப்படி இல்லை. சேர்வராயன் மலையடிவாரத்து ஏரி அது. 2010 வாக்கில் ஊர்மக்கள் முன்னின்று தூர்வாரி, எடுத்த மண்ணிலேயே திட்டுகள் போட்டு மரம் வைத்தார்கள். இந்த மாதிரி வேலையில் ஒரு ஞாயிறு நாம் வராவிட்டால் இன்னொருவர் குடம் தூக்குவார். ஆனால் பொறுப்பு என்று ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டிருந்தால் அதை மழைக்கு முன்பே கைமாற்ற வேண்டும். தானே நட்ட கன்றுக்குத்தான் ஆள் மார்ச்சிலிருந்து மே வரை தண்ணீர் சுமப்பார். அடுத்தவர் நட்டதை வெயில் காலத்தில் ஒப்படைத்தால் கன்று காய்ந்துவிடும்.

பயணத்தோடு நன்றாகப் பொருந்துவது ரத்தம் ஏற்பாடு செய்யும் வேலை. சேலம் ஜி.எச்.சுக்குத் தர்மபுரி, நாமக்கல்லில் இருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். கேட்டு வரும் அழைப்புக்கு ரயிலில் இருந்தே ஆள் பிடித்துக் கொடுக்கலாம். யார் கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்ற குறிப்பு இருந்தால் போதும். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். வெளிநாட்டில் இருந்தும் இதைத் தொடரலாமே என்று தோன்றும், ஆனால் நேர வித்தியாசம் அதைக் கெடுக்கும். நடுராத்திரி அழைப்பை எடுக்க உள்ளூர் ஆள்தான் சரி.

எங்கள் வீட்டில் முன்பின் வழியைத்தான் எடுக்கிறோம், பயணத்தை வெட்டிக்கொண்டு. இதில் வரிக் கணக்கும் பார்க்க வேண்டும். வேலைக்காகக் கிளம்புகிறவர் செப்டம்பர் 28-க்குள் புறப்பட்டு, மார்ச் வரை திரும்பி வராவிட்டால், இந்தியாவில் இருந்த நாள் 182-க்குக் கீழே நிற்கும், அந்த நிதியாண்டில் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி வராது. நவராத்திரி முடியட்டும், தீபாவளி முடியட்டும் என்று தள்ளினால் அது போய்விடும். அப்புறம் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டம் வாங்கிப் போடும் ஆசை யாருக்காவது இருந்தால், கையெழுத்தைக் கிளம்பும் முன்பே போட வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர் ஆனபின் விவசாய நிலமோ தோட்டமோ வாங்க முடியாது, ஏற்கெனவே இருப்பதை வைத்துக்கொள்ளத் தடையில்லை.