கால்ல கட்டு, ஸ்கூல் லீவு: வீட்டு டியூசனா, போனா, அரை நாள் ஸ்கூலா?

மதுரை வில்லாபுரத்துல எங்க வீட்டு மாடியிலயே டியூசன் எடுக்குறேன், ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும். தெரிஞ்ச வீட்டுல எந்தப் பிள்ளைக்காவது கட்டு போட்டுட்டா அந்த வாரமே போன் வந்துரும், "மிஸ், பயலுக்கு கால்ல மாவுக்கட்டு, ஸ்கூலுக்கு அனுப்ப வழியில்ல, நீங்க வீட்டுக்கே வந்து எடுத்துருங்க, பீஸ் எம்புட்டுனாலும் பரவால்ல"னு. என் பொழப்பு அதுதான், சரினு சொல்லிட்டா எனக்குத்தான் லாபம். ஆனா இருக்குற வழியிலயே கடைசியா யோசிக்க வேண்டியது இந்த வீட்டு டியூசன்தான்னு நான் நெனைக்கிறேன், ஏன்னு சொல்றேன்.

மொதல்ல அடி எங்கனு பாக்கணும். கால் உடஞ்ச பிள்ளையால எழுத முடியும், போக முடியாது. வலது கை உடஞ்ச பிள்ளையால போக முடியும், எழுத முடியாது. இது ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பி கை உடஞ்சவனையும் மாசக்கணக்கா வீட்டுல உக்கார வச்சுர்றாங்க, அவன் டிவி ரிமோட்ட இடது கையில புடிச்சுக்கிட்டு ராஜா மாதிரி இருப்பான். கழுத்துல துணியக் கட்டி கையத் தொங்க விட்டுக்கிட்டு கிளாஸ்ல உக்காந்து காதால கேட்டா போதும்ங்க, நோட்ட ஜெராக்ஸ் எடுத்துக்கலாம், டெஸ்ட்ட டீச்சர்கிட்ட வாயால ஒப்பிச்சுரலாம். வலி கொறஞ்சு டாக்டரும் சரின்னுட்டா கை கேஸுக்கு ஒப்பீடே தேவையில்ல, ஸ்கூல்தான். இடிபடாத ஓரத்து பெஞ்சு மட்டும் கேட்டு வாங்கிருங்க.

தலையில அடிபட்டு டாக்டர் பயமில்லனு அனுப்பின பிள்ளைங்க கதை வேற. ஒண்ணு ரெண்டு நாள் நல்லா ரெஸ்ட் குடுத்துட்டு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாதான் படிப்புக்குள்ள விடணும், தலைவலி வந்தா நிறுத்திரணும். வாந்தி, தூக்கக் கலக்கம், கொழப்பமாப் பேசுறதுன்னு எது வந்தாலும் படிப்பெல்லாம் அப்புறம், ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்.

எத்தனை நாள் போகும்ங்கிறதையும் வீட்டுல பெருசாக்கிர்றாங்க. பிள்ளைங்க எலும்பு பெரியவங்களுக்கு விட வெரசா கூடும். முன்கைன்னா பொதுவா 4ல இருந்து 6 வாரம், முழங்கைக்கு மேல உடஞ்சு கம்பி வச்சிருந்தா பல பிள்ளைங்களுக்கு 3, 4 வாரத்துல கம்பிய எடுத்துர்றாங்க, தொடை எலும்புதான் ரெண்டு மாசத்துக்கு மேலயும் இழுக்கும். அதனால டாக்டர்கிட்ட "எப்ப கட்டுப் பிரிப்பீங்க"னு மட்டும் கேட்டுட்டு வராதீங்க, "எப்ப இருந்து உக்காந்து படிக்கலாம், எப்ப இருந்து ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போகலாம்"னு தனித்தனியா கேளுங்க. உக்காந்து படிக்கிற நாளுக்கும் கட்டுப் பிரிக்கிற நாளுக்கும் நடுவுல நெறைய வாரம் கிடக்கு.

அம்மா அப்பா ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுல நம்ம ஊர்ப் பக்கம் மொதல்ல தோணுறது அம்மாச்சி வீடு. உசிலம்பட்டியோ மேலூரோ, அங்கிட்டு கொண்டு போய் விட்டுட்டா நேரத்துக்குச் சோறு, பக்கத்துலயே ஆளு, ஒரு கவலையும் இல்ல. பராமரிப்புன்னு பாத்தா அம்மாச்சிய அடிச்சுக்க ஆள் கெடையாது, படிப்புன்னு பாத்தா இருக்குற வழியிலயே மோசம் இதுதான், ஏன்னா நோட்டு குடுக்குற ஃப்ரண்டு, வீட்டுப்பாடம் அனுப்புற டீச்சர், எல்லாரும் மதுரையில இருக்காங்க. இன்னொரு வில்லங்கமும் உண்டு, ஊர்ல யாராவது வந்து "மாவுக்கட்டெல்லாம் எதுக்கு, நாட்டுக்கட்டு போட்டா பத்தே நாள்ல ஓடுவான்"னு ஆரம்பிப்பாங்க, இங்க பெரியாஸ்பத்திரியில போட்ட கட்ட அங்க பிரிச்சு மூங்கிப் பத்தையா வச்சு இறுக்கிக் கட்டிருவாங்க. கட்டு எதுவா இருந்தாலும் விரல் வீங்குது, நீலமாகுது, மரத்துப் போகுது, வலி கொறையாம ஏறிக்கிட்டே போகுதுன்னா விடியட்டும்னு காத்திருக்கக்கூடாது, ரத்த ஓட்டம் தடைபட்டா கையோ காலோ நிரந்தரமா பாதிச்சுரும். மொத வாரம் மட்டும் அம்மாச்சிய இங்க வரச் சொல்லுங்க, அதான் என் ஓட்டு.

இப்ப போன். இதுக்கு காசு செலவே பண்ணாதீங்க, ஆப் விக்கிறவங்க போன் பண்ணிப் பேசுற பேச்சுல மயங்கி வருஷ சந்தா கட்டிட்டு கட்டுப் பிரிச்சதும் தொறந்தே பாக்காத வீடுக எனக்குத் தெரியும். நம்ம அரசாங்கப் பாடப்புத்தகத்துலயே க்யூஆர் கோட் இருக்கு, ஸ்கேன் பண்ணா அந்தப் பாடத்துக்கு உண்டான வீடியோ வரும், 2019 ஆகஸ்ட்ல இருந்து கல்வித் தொலைக்காட்சியும் ஓடுது, ரெண்டுமே ஓசி. அறிவியல்ல இதயம் எப்படி வேலை செய்யுது, மின்சுற்று எப்படின்னு படமாப் பாக்க வேண்டிய பாடத்துக்கு போர்டுல நான் வரையறதவிட அந்த வீடியோ நல்லாவே இருக்கும், ஒத்துக்குறேன். ஆனா படுத்துக் கெடக்குற பிள்ளை கையில போனக் குடுத்துட்டு வேலைக்குப் போனா அவன் பாக்குறது இதயமா ரீல்ஸான்னு உங்களுக்கே தெரியும். நெறைய வீட்டுல இருக்குற ஒரே நல்ல போனும் அப்பா கூட வேலைக்குப் போயிருது, ராத்திரி எட்டு மணிக்கு மேல அது வீடு வந்து பிள்ளை படிக்கிறதுக்குள்ள தூக்கம் சொக்கிரும். தலையில அடிபட்ட பிள்ளைக்கோ ஆரம்பத்துல போன் பக்கமே போக வேணாம்.

அடுத்து என்னைய மாதிரி டீச்சர வீட்டுக்குக் கூப்புடுறது. ஒரு மணி நேரம் வருவோம், அஞ்சு பாடத்தையும் அதுக்குள்ள தள்ளணும், அவங்கம்மா காபியோட வந்து "போர்சன் எவ்வளவு முடிஞ்சுச்சு மிஸ்"னு நிப்பாங்க, நாங்களும் வேகமா ஓட்டுவோம். ஸ்கூல்ல அந்த வாரம் டீச்சர் எதை அழுத்திச் சொன்னாங்க, எதை விட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. பிள்ளையும் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒத்தையில கெடந்துட்டு, வர்ற ஒரே வெளியாளும் பாடம் நடத்துறவளா இருந்தா அது மூஞ்சி எப்படி இருக்கும்? நான் போற வீட்டுல எல்லாம் மொத பத்து நிமிசம் ஸ்கூல் கதைதான் கேப்பாங்க, என்கிட்ட ஏது கதை.

வீட்டு டியூசன் ஜெயிக்கிற எடம் ஒண்ணே ஒண்ணு, கணக்கு. சமூக அறிவியல்ல ரெண்டு பாடம் விட்டா லீவுல படிச்சுக்கலாம், தமிழ் மனப்பாடச் செய்யுளுக்கு படுத்துக் கெடக்குறத விட நல்ல நேரமே கெடையாது. கணக்கு மட்டும் ஏணி மாதிரி, நடுவுல ரெண்டு படி ஒடஞ்சா மேல ஏற முடியாது. ஏழாவதுல முழுக்கள் நடத்தும்போது லீவு போட்ட பிள்ளைக்கு மைனஸ மைனஸால பெருக்குனா ஏன் ப்ளஸ்னு பிடிபடாது, அப்புறம் வர்ற இயற்கணிதம் பூராவும் தப்பாவே போடும், அப்பாவும் "பயலுக்கு கணக்கு வரல"னு முடிவே கட்டிருவாரு. அதனால டீச்சர வச்சா கணக்குக்கு மட்டும் வைங்க, வாரத்துல ரெண்டு மூணு நாள் போதும், அஞ்சு பாடத்துக்கும் பேசாதீங்க. பீஸ் கட்ட வசதி இல்லாத வீடுன்னா, 2021 அக்டோபர்ல ஆரம்பிச்ச இல்லம் தேடிக் கல்வியில ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் சாயங்காலம் சொல்லிக்குடுத்த தன்னார்வலர் யாராவது உங்க தெருவுலயே இருப்பாங்க, கேட்டுப் பாருங்க, அந்தத் தன்னார்வலர்கள்ல நல்லாப் படிச்சவங்க நெறைய பேர் இருந்தாங்க.

காசே இல்லாம வீட்டு டியூசன விட நல்லா வேலை செய்யுறது கூடப் படிக்கிற பயதான். ஃபர்ஸ்ட் ரேங்க் எடுக்குறவன்கிட்ட நோட்டு கேக்காதீங்க, அவன் குடுக்கவும் மாட்டான், குடுத்தாலும் பாதி அவன் மண்டைக்குள்ளதான் இருக்கும். உங்க தெரு வழியா வீட்டுக்குப் போற, முழுசா எழுதுற பிள்ளையாப் பாத்துப் புடிங்க. சாயங்காலம் நோட்டோட வந்து அரை மணி நேரம் "இன்னைக்கு என்ன நடத்துனாங்க"னு சொல்லிட்டுப் போகட்டும், சொல்றவனுக்கும் பாடம் பதியும், கட்டு போட்டவனுக்கு ஸ்கூல் கதையும் கெடைக்கும், யார் யாரு சண்டை போட்டா, எந்த சார் யாரை வெளிய நிறுத்துனார்னு. வந்த பயலுக்கு ஒரு பருத்திப்பால் வாங்கிக் குடுங்க, மறுநாள் கூப்புடாமலே வருவான். ஒரே கொறை, பரீட்சை நெருங்குனா அவங்கம்மா அனுப்ப மாட்டாங்க, அது அவங்க நியாயம்.

கடைசியா அரை நாள் ஸ்கூல். கால் கேஸ்ல நான் சொல்றது இதுதான், டாக்டர் உக்கார விட்ட ஒடனே. வீட்டுக்கு டீச்சர வரவைக்கிற காச ஆட்டோவுக்குக் குடுங்க. ஒரு ஆட்டோக்காரர மாசத்துக்குப் பேசிருங்க, ஸ்கூல் வேன் படி ஒசரம், ஷேர் ஆட்டோவுல கால நீட்ட முடியாது, அதனால தனி ஆட்டோதான். காலையில விட்டுட்டு மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி கூட்டிட்டு வந்துரணும். டைம்டேபிளப் பாத்து கணக்கு காலையில வர்ற நாளா பொறுக்குங்க, தினமும் போகணும்னு கூட இல்ல.

ஸ்கூல்ல மொதல்ல "எங்களால பொறுப்பு எடுக்க முடியாது"னுதான் சொல்லுவாங்க. வாய்ப்பேச்சா போகாம, "உக்காரலாம், இந்தக் கால ஊனக்கூடாது, கால ஒசத்தி வைக்கணும்"னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டுப் போங்க, பாதி வாதம் அங்கயே முடிஞ்சுரும். கிளாஸ் மாடியில இருந்தா அந்த செக்சன மட்டும் கொஞ்ச நாள் கீழ மாத்தித் தரச் சொல்லி ஹெச்.எம்.கிட்ட கேளுங்க, 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே பள்ளிக்கூடம் தடையில்லாம போய்வர்ற மாதிரி இருக்கணும்னு இருக்கு, கேக்குறதுல தப்பில்ல. கால நீட்ட எதிர்ல ஒரு பெஞ்சு, மேல ஸ்கூல் பேக். ஆறு ஏழு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு ஊன்றுகோல் சரிப்பட்டு வராது, வீல்சேர் வாங்க வேணாம், பெரியாஸ்பத்திரியச் சுத்தி இருக்குற சர்ஜிக்கல் கடைகள்ல வாடகைக்குக் கேட்டுப் பாருங்க. பெல் அடிச்சதும் எல்லாரும் ஓடுவாய்ங்க, இவன மட்டும் அஞ்சு நிமிசம் முன்னாடியே விடச் சொல்லிரணும். கட்டுக்குள்ள அரிக்குதுன்னு ஸ்கேல விட்டுச் சொறிஞ்சுக் குடுக்க நாலு ஃப்ரண்டு ரெடியா இருப்பான், உள்ள புண்ணாயிரும்னு அந்த நாலு பேருக்கும் சேத்துச் சொல்லி வைங்க.

யாரும் வாயத் தொறந்து பேசாத விசயம் பாத்ரூம். கால் முழுக்கக் கட்டோட குத்த வைக்க முடியாது, வெஸ்டர்ன் இருக்கான்னு போய் நீங்களே பாருங்க, இருந்தும் பூட்டி வச்சிருப்பாங்க, சாவி யார்கிட்டனு கேளுங்க. இத சரி பண்ணாம அனுப்புனா பிள்ளை தண்ணி குடிக்காது, பொம்பளப் பிள்ளைங்க காலையில இருந்தே வாயில ஒரு சொட்டு விடாம இருக்கும், நீர்க்கடுப்பு வந்து அது தனி அவஸ்தை. அரை நாள்னு நான் சொல்றதுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

அடிபட்டு ரெண்டு மூணு வாரம் தாண்டுனா பாடத்தை விட வீட்டுக்குள்ளயே கெடக்குறதுதான் பிள்ளையப் போட்டு அமுக்கும். ஞாயித்துக்கிழமை எங்கயாவது கூட்டிட்டுப் போங்க, புதுநத்தம் ரோட்டுல 2023 ஜூலைல தொறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல லிஃப்ட் இருக்கு, பிள்ளைங்களுக்குனு தனிப் பகுதியே இருக்கு, வீல்சேரோட போயிட்டு வரலாம்.

பரீட்சைக்கு வருவோம். நம்ம ஸ்டேட் போர்டுல எட்டாவது வரைக்கும் ஃபெயில் போட மாட்டாங்க, காலாண்டு எழுதலைன்னு ராத்திரி தூங்காம இருக்காதீங்க. பத்தாவது பொதுத்தேர்வு சமயத்துல கை உடஞ்சா மெடிக்கல் சர்டிபிகேட்டோட ஹெச்.எம். மூலமா எழுதிக் குடுத்தா சொல்லச் சொல்ல எழுதுறதுக்கு ஆள் போடுவாங்க, கடைசி நாள் வரைக்கும் இழுக்காம அன்னைக்கே மனு குடுங்க. எழுதவே முடியலைனா ரிசல்ட்டுக்கு அப்புறம் துணைத்தேர்வு வருது, அதுல பாஸானா அதே வருஷம் பதினொண்ணு சேந்துரலாம், ஒரு வருஷத்தையே விட்டுர்றதுங்கிற பேச்சுக்கே எடமில்ல. சிபிஎஸ்இ பிள்ளைங்களுக்கு 10லயும் 12லயும் 75 சதவீதம் வருகை வேணும், அதனால லீவு லெட்டரும் சர்டிபிகேட்டும் அப்பப்ப குடுத்து வைங்க, மொத்தமா கடைசில கொண்டு போய்க் குடுத்தா சண்டைதான் மிச்சம். முதுகுத்தண்டுல அடி, மாசக்கணக்கா எந்திரிக்க முடியாதுங்கிற மாதிரி இருந்தா இந்தக் கணக்கு எதுவும் ஒத்து வராது, கல்வித்துறையோட வட்டார வள மையத்துல போய் சிறப்பு ஆசிரியர் வீட்டுக்கு வருவாங்களான்னு கேளுங்க, அந்த ஏற்பாடு அங்கதான்.

கட்டுப் பிரிச்சதும் கால் சூம்பிப் போன மாதிரி இருக்கும், பிள்ளை ஊனவே பயப்படும், கொஞ்ச நாள் நொண்டும், நடக்க நடக்க சரியாகும், வாரக்கணக்காகியும் நொண்டல் போகலைன்னா திரும்ப டாக்டர்கிட்ட காட்டுங்க. கட்டு இல்லாதவனப் பாத்தா யாருக்கும் ஞாபகம் இருக்காது, கபடிக்கு இறக்கி விட்டுருவாங்க. அதனால எத்தனை வாரம் வெளையாடக்கூடாதுனு டாக்டர்கிட்ட எழுதி வாங்கி பி.டி. சார் கையிலயே நேர்ல குடுங்க, டைரியில எழுதி அனுப்புனா அது கிளாஸ் டீச்சரோட நின்னுரும்.