சிவன்மலை உத்தரவுப் பெட்டி: சாட்சியம் என்ற வகையில் ஒரு மதிப்புரை

காங்கேயத்தை அடுத்த சிவன்மலை சுப்பிரமணிய சுவாமி கோயிலில், கருவறைக்கு முன்னுள்ள தூணில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியைக் கொங்கு நாட்டில் அறியாதவர்கள் குறைவு. ஆண்டவர் ஒரு பக்தரின் கனவில் வந்து ஏதேனும் ஒரு பொருளைச் சொல்கிறார். கனவு கண்டவர் கோயிலுக்கு வந்து தெரிவிக்கிறார். சாமியின் சம்மதம் அறியச் சன்னிதியில் பூக் கேட்கிறார்கள். வெள்ளைப் பூ வந்தால் அந்தப் பொருள் பெட்டிக்குள் வைக்கப்படுகிறது. அடுத்தவருக்குக் கனவில் உத்தரவாகும்வரை, அது சில நாளானாலும் பல மாதமானாலும், அங்கேயே இருக்கிறது. கல்யாணத்துக்கும் கிணறு வெட்டுவதற்கும் பூக் கேட்டுப் பழகிய ஊர்களுக்கு இதில் புதுமை ஏதும் இல்லை. ஆனால் நாட்டில் நடக்கவிருப்பதைப் பெட்டி முன்கூட்டியே காட்டிவிடுகிறது, ஆகவே கடவுள் இருப்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை என்று சொல்லப்படும்போது, அந்த வகையில் அதை மதிப்பிட்டுப் பார்ப்பது தவறாகாது என்று நினைக்கிறேன்.

கோயிலைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. பட்டாலியூர் என்ற பெயரில் அருணகிரிநாதர் பாடிய தலம். படியேறியும் போகலாம், வண்டியிலும் மேலே போகலாம். கிருத்திகை, சஷ்டி, தைப்பூச நாட்களைத் தவிர்த்தால் பெட்டியின் முன் நின்று நிதானமாகப் பார்க்க முடியும். நான் பார்த்தபோது உள்ளே இருந்த பொருள் எது என்பது இங்கே முக்கியமில்லை. இதை நீங்கள் படிக்கும் நேரத்தில் அது மாறியிருக்கக்கூடும். எனக்கு முன்னால் நின்ற பையன் ஒருவன், "அப்புச்சி, இதை வெச்சா என்னாகுமுங்க?" என்று கேட்டான். பெரியவர் தயங்கவே இல்லை: "வெலை ஏறுங்கண்ணு. ஏறாட்டி எறங்கும்."

பெட்டிக்குச் சாதகமானதை முதலில் சொல்லிவிட வேண்டும். நிறைவேறியதாகச் சொல்லப்படும் பழைய முன்னறிவிப்புகள் பலவற்றில், அவை எப்போது எழுதப்பட்டன என்பதிலேயே சர்ச்சை இருக்கிறது. பவிஷ்ய புராணத்தின் அச்சுப் பதிப்பில் விக்டோரியா மகாராணி வரை வருகிறார்கள். அந்தப் பகுதிகள் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் சேர்க்கப்பட்டவை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விவிலியத்தின் தானியேல் நூலில் 11ஆம் அதிகாரம், கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் சிரிய, எகிப்திய மன்னர்களின் சண்டைகளை வியக்கத்தக்க துல்லியத்துடன் விவரித்துவிட்டு, சிரிய மன்னன் அந்தியோகஸின் முடிவுக்கு வரும்போது மட்டும் வரலாற்றிலிருந்து விலகிப் போகிறது. எந்த இடத்தில் துல்லியம் நிற்கிறதோ அந்த ஆண்டுகளில், அதாவது கி.மு. 165ஐ ஒட்டி, அது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. சிவன்மலையில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. பொருள் வைத்த மறுநாள் நாளிதழில் செய்தி வந்துவிடுகிறது. சம்பவம் நடந்த பிறகு பொருளை உள்ளே வைத்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சாட்சியத்துக்குத் தேவையான முதல் தகுதி இது, பெட்டிக்கு அது முழுமையாக இருக்கிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது: பெட்டி பொருளைக் காட்டுகிறதே தவிர, சேதி எதையும் சொல்வதில்லை. துப்பாக்கி வைத்திருந்தபோது 1999இல் கார்கில் போர் வந்தது, தண்ணீர் வைத்திருந்தபோது 2004 டிசம்பரில் சுனாமி வந்தது, மண் வைத்த பிறகு நிலத்தின் விலை ஏறியது என்று பக்தர்கள் சொல்கிறார்கள். சொல்கிறபடியே நடந்ததாக வைத்துக்கொள்வோம். தண்ணீர் வைத்த நாளில் அதைப் பார்த்த எவரும் நாகப்பட்டினத்து மீனவரிடம் கடற்கரையை விட்டு விலகியிருங்கள் என்று சொல்லவில்லை; சொல்லவும் முடியாது. வறட்சி வந்திருந்தாலும், வெள்ளம் வந்திருந்தாலும், காவிரிப் பிரச்சினை முற்றியிருந்தாலும் அதே தண்ணீர் அதே அளவுக்குப் பலித்திருக்கும். மஞ்சளை வைத்தால் ஈரோட்டு மண்டியைக் கவனிப்பார்கள். அங்கே விலை ஏறாமலும் இறங்காமலும் ஓர் ஆண்டு கழிந்ததுண்டா? கடவுள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி நடக்கக்கூடிய ஒன்று, நடந்துவிட்டது என்பதனால் எந்தப் பக்கத்துக்கும் வலுச் சேர்க்காது. பலித்தவற்றை மட்டும் நினைவில் வைத்து மற்றவற்றை மறந்துவிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தவறிப்போகும் துணிச்சல் உள்ள முன்னறிவிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு விவிலியத்தின் எசேக்கியேல் நூலைப் பார்க்கலாம். அதன் 26ஆம் அதிகாரம், பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் தீரு என்ற தீவு நகரைத் தரைமட்டமாக்குவான் என்று மன்னன் பெயரையும் நகரின் பெயரையும் குறிப்பிட்டே சொல்கிறது. 13 ஆண்டு முற்றுகைக்குப் பிறகும் அது அவ்வாறு நடக்கவில்லை. அவனுடைய படைக்கு உழைத்த கூலி கிடைக்கவில்லை என்று அதே நூலின் 29ஆம் அதிகாரமே ஒப்புக்கொள்கிறது. தீவு நகரம் வீழ்ந்தது கி.மு. 332இல், அலெக்சாந்தரிடம். குர்ஆனின் 30ஆம் அத்தியாயம், தோற்றுப்போன ரோமானியர்கள் சில ஆண்டுகளுக்குள் வெல்வார்கள் என்கிறது. 614இல் ஜெருசலேமைப் பாரசீகரிடம் இழந்தவர்கள் 622க்குப் பின் மீண்டெழுந்து, 627இல் நினிவே போரில் வென்றார்கள். நான் படித்தவற்றுள் மதிப்புடன் விவாதிக்கத் தக்கது இதுதான். இரு பேரரசுகள் மாறி மாறி வென்று தோற்ற நெடும்பகையில் தோற்றவர் மீள்வது அரிதான செய்தியா என்ற கேள்வி அதன்மேலும் எழும். ஆனால் அங்கே வாதிடுவதற்கு ஒரு கூற்றாவது இருக்கிறது.

இனிமேல் ஒரு பொருள் மிகத் துல்லியமாகப் பலித்தாலும், கனவு கண்டவருக்கு வரப்போவது தெரிந்திருந்தது என்ற அளவுக்குத்தான் அது நம்மைக் கொண்டுபோகும். அதற்கு அப்பால், உலகைப் படைத்த ஒருவர் வரை செல்ல வேறு காரணங்கள் வேண்டும். பக்தர்கள் அந்தக் காரணங்களைப் பெட்டியிலிருந்து எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. மாட்டுக்கும் மழைக்கும் பிள்ளைப்பேறுக்கும் வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் முருகனை நம்பியே மலையேறுகிறார்கள். பெட்டியைப் போகிற வழியில்தான் பார்க்கிறார்கள்.

கோயிலாகச் சிவன்மலைக்குத் தயங்காமல் ஐந்து நட்சத்திரம் தரலாம். கடவுள் இருப்பதற்குச் சாட்சியமாக உத்தரவுப் பெட்டிக்கு ஒன்று, அதுவும் நாள் தவறாமல் பதிவாகும் நேர்மைக்காக. போகிறவர்கள், பெட்டியில் இருக்கும் பொருளால் என்ன நடக்கும், எங்கே நடக்கும், எத்தனை மாதத்துக்குள் நடக்கும் என்று தாங்கள் கருதுவதை ஒரு தாளில் தேதியிட்டு எழுதிவிட்டு வரலாம். பொருள் மாறிய செய்தி நாளிதழில் வரும் அன்று அதை எடுத்துப் படித்துப் பார்க்கலாம்.